இரண்டு கிளட்சையும் எரித்த பாயிஸ் நானா

அலவத்துகொடயில் பாயிஸ் நானாவிடம் கார் பழகியவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடம். "ஏத்தத்துல பிரேக் மிதிக்கிறவன் ட்ரைவர் இல்ல, பயந்தாங்கொள்ளி!" கிளட்சைப் பாதி விட்டு, காரை மேட்டில் அந்தரத்தில் நிறுத்திக் காட்டுவதுதான் கார் பழக்கும் அவருடைய லேனர்ஸ் பள்ளியின் இருபத்தேழு வருடப் பெருமை. அந்தப் பெருமைக்காகப் பழைய மெனுவல் கார் வருடத்துக்கு இரண்டு கிளட்ச் பிளேட் தின்றதை மட்டும் அவர் யாருக்கும் சொல்வதில்லை. பழியெல்லாம் பழக வந்தவர்களின் காலுக்கே.

கிளட்ச் பெடல் இல்லாமல், கியர் தானாக மாறும் ஓட்டோ கார் என்றாலே அவருக்குப் பகிடி. சனமும் பகிடிக்குச் சிரித்துவிட்டு, ஓட்டோ பழக வேறு இடம் தேடிப் போனது. லேனர்ஸை இழுத்து மூட வேண்டிய நிலை வந்தபோது, வேறு வழியில்லாமல் இரண்டு கிளட்ச் வைத்த ஓட்டோ ஹைபிரிட் ஒன்றை வாங்கினார். முதலில் வந்தவர் ஸனா டீச்சர்.

"எனக்கு நல்லாப் பழக்கினீங்கண்டா எங்கட ஸ்கூல்ல இன்னம் பதினொரு டீச்சர்மார் வருவாங்க, நானா."

நானாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மொதல்ல பாருங்க" என்று டீச்சரைப் பக்கத்தில் இருத்தித் தானே ஓட்டினார். பள்ளிக்கூடம் விடும் நேரம். மஹியாவ ஏற்றத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றன. நானா பிரேக்கைத் தொடுவாரா? எக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தே காரை அந்தரத்தில் பிடித்தார்.

"பாத்தீங்களா, ஒரு இன்ச் அசையிதா?"

இருபது நிமிடம் அசையவில்லை. பிறகு கருகல் நாற்றம் வந்தது, மீட்டரில் சிவப்பு எச்சரிக்கை வெளிச்சம் எரிந்தது. அதற்குப் பிறகு கார் அசையவே இல்லை.

கராஜுக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் ஹுதைபா பார்த்துவிட்டுச் சொன்னான்:

"இதுக்குள்ளயும் கிளட்ச்தான் நானா ஈக்கி. பெடல்தான் இல்ல. பிரேக்க மிதிச்சா அது தானா விட்டுடும். நீங்க எக்ஸிலேட்டர்ல புடிச்சா ரெண்டு கிளட்சும் தேஞ்சி எரியாம என்ன செய்யும்? மெனுவல்ண்டா பிளேட்டோட போயிருக்கும். இதுல கியர் பொக்ஸே போச்சி."

நானாவின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது.

"நான் என்ன செய்ய? பழக வாரவங்கட கால் அப்பிடி."

ஹுதைபா டீச்சரைப் பார்த்தான்.

"நான் இன்னம் அந்த ஸீட்ல ஏறவே இல்லையே, நானா" என்றார் டீச்சர்.

அவர் கோபிக்கவில்லை. போனை எடுத்து, நானாவின் முன்னாலேயே, டீச்சர்மாரின் வாட்ஸ்அப் குரூப்புக்குக் குரல் மெசேஜ் அனுப்பினார்.

"அக்குறணையில ஓட்டோ பழக்குற எடம் ஒண்டு ஈக்காமே. அந்த நம்பர் யார்ட்ட ஈக்கி?"