அளவுக் கல்லுக்கு வைத்த பொட்டு

இதை எழுத உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்துபோன நாட்கள் நிறைய. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கன்னடம், அதுவும் கொஞ்சம்தான். தமிழ் எழுத்து என்பது பக்திப் புத்தகங்களை எழுத்துக்கூட்டி வாசித்துப் பழகியது. படிக்காதவன் எழுதினால் சிரிப்பார்கள் என்கிற கூச்சத்தைக்கூடத் தாண்டிவிடலாம். ஆனால் இது சாமி சம்பந்தப்பட்ட விஷயம், கூடவே என் மனைவி சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டிலும் ஒரு வார்த்தை கூடக்குறைய விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் இருந்தது. போன வாரம் அவளிடமே கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "எழுதுங்க. ஆனா என்னைய நல்லவளாட்டம் எழுதீராதீங்க" என்றாள். எங்கள் மலைச்சாமி மாதேஸ்வரன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

மைசூரில் மண்டி மொஹல்லாவில்தான் எங்களுக்கு வீடும் பொரிகடலைக் கடையும். எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு பழைய எண்ணெய் ஆலை இடிந்து கிடந்தது. ஆலை போன பிறகு அந்த இடம் முழுக்கக் குப்பை. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. சந்தில் யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வருவதென்றால் காலையிலேயே சாம்பிராணி போட்டுவிடுவோம். அப்படிக் கிடந்த நிலத்தை ஒரு நாள் கார்ப்பரேஷன்காரர்கள் லாரி லாரியாக வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். எண்ணெய் ஊறிய கறுப்பு மண்ணைக்கூடத் தோண்டி எடுத்துவிட்டுச் செம்மண் கொட்டினார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அதில் புல் முளைத்தது. வாசல் ஓரம் தப்பிப் பிழைத்து நின்ற ஒரு புங்க மரம் அந்த வருஷம் பூத்துக் கொட்டியது. எங்கள் சந்தில் பாதிப் பேர் சும்மாவே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அங்கே ஜனங்களுக்காக ஒரு மையம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். உடற்பயிற்சி, யோகா, வாசிக்க ஓர் அறை, சாயங்காலம் உட்கார இடம், பெரிய கூடம். எங்களிடமே யோசனை கேட்டுத்தான் கட்டுவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நிலத்திலேயே ஷாமியானா போட்டு, பெரிய காகிதத்தில் வரைந்த படத்தை விரித்துவைத்தார்கள். கட்டடத்தை வரைந்த என்ஜினியர் ஒரு சின்னப் பெண். அவள் அம்மா தமிழாம், அதனால் எங்களிடம் தமிழிலேயே பேசினாள்.

ஆளாளுக்குக் கேட்டார்கள். டயர் கடை பாய் கேரம் போர்டு கேட்டார். ஒருத்தர் நீச்சல் குளம் வேண்டும் என்றார். உடனே பின்னாலிருந்து, "மொதல்ல வீட்டுக் குழாய்ல தண்ணி வரட்டும்ணா, அப்புறம் நீந்தலாம்" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தோம். என் மனைவி ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் அவளிடம் குனிந்து, "ஆண்ட்டி, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"எனக்கு என்னங்கண்ணு. நடந்து உள்ள போற மாதிரி இருந்தாச் சரி."

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. சமதரையில் மெதுவாக நடப்பாள், படி ஏறினால் உயிர் போகும். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டாள். "மண்டபத்துல படி இருக்குங்களா?" என்றுதான் கேட்பாள். இருக்கிறது என்றால் என் கையில் மொய்யும் வெற்றிலைபாக்கும் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். மாதேஸ்வரன் மலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். இப்படி ஒவ்வொன்றாக விட்டு விட்டு, அவளுடைய உலகம் அடுப்படிக்கும் தெரு வாசலுக்கும் நடுவே சுருங்கிப்போனது.

மழைத்தண்ணீர் தேங்கும் இடம் என்பதால் கட்டடத்தை உயர்த்திக் கட்டவேண்டியிருந்தது. முன்னால் படிகள் உண்டு. பக்கத்திலேயே படியில்லாமல் சாய்வாக ஏறும் பாதையும் உண்டு என்று அந்தப் பெண் படத்தில் விரல் வைத்துக் காட்டினாள். கிரில் கேட்டிலிருந்து கூடத்து வாசல்வரை நீளமாக, மெதுவாக ஏறும் பாதை. அதை 'ரேம்ப்' என்றாள். என் மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, சோறு போடும்போது, "கைப்பிடி வெப்பாங்களா, கேட்டீங்களா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தனக்காக அவள் கேட்ட கேள்வி அது.

அதற்கப்புறம் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். கயிறு கட்டினார்கள், சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள், கேட்டுக்குச் சற்று உள்ளே ஒரு கருங்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அது அளவுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். கல் நட்டது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி மெல்ல நடந்துபோய் அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வந்தாள். குப்பையாகக் கிடந்த மண்ணில் முதல் முதலாக நட்ட கல்லல்லவா, அதை மூளியாக விடக்கூடாது என்பது அவள் நினைப்பு. எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை ஆரம்பித்தால் அப்படித்தான் செய்வோம்.

கல்லில் பொட்டைப் பார்த்தால் நம் ஜனங்கள் சும்மா தாண்டிப் போவார்களா? அடுத்த வெள்ளிக்கு யாரோ சிவப்புத் துணி சுற்றினார்கள். பிறகு விளக்கு வந்தது. மழையில் விளக்கு அணைகிறது என்று ஒருத்தர் தகரக் கூரை போட்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனாவை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். வேலை தொடங்கும் தேதி வந்தபோது அது கல்லாக இல்லை, அம்மனாகிவிட்டது.

என்ஜினியர் பெண் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அங்கிள், ரேம்ப் இங்கதான் ஸ்டார்ட் ஆகணும். கரெக்டா இந்தக் கல் மேலதான் வருது. எடுத்துத்தானே ஆகணும்?"

சுற்றி நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் என் மனைவிதான் முன்னே வந்தாள். "அதெப்படீங்கண்ணு? கும்பிட்ட சாமியப் போயி எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியுமா?"

"ஆண்ட்டி, உங்க மாதிரி உள்ளவங்களுக்காகத்தான் அந்த ரேம்ப்பே."

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன். எனக்கோசரம் சாமி நவுரக் கூடாது."

அந்தப் பெண் நல்ல மாதிரி. கோபப்படாமல் படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வேண்டுமானால் போடலாம் என்றாள். கட்டடத்தை முழுக்கச் சுற்றி, ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, கழிப்பறைப் பக்கமாக ஏறி வரவேண்டும். முடிவை ஒரு வாரத்தில் சொல்லவேண்டும், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்றாள். என் மனைவி, "பொறகால போட்டுக்குங்க. போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று அவளோடு சண்டை போட்டேன். "ஏம்புள்ள, உனக்குக் கிடைச்ச ஒரே வழிய நீயே அடைக்கிறயே" என்று கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை நானே அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போய், கட்டியிருந்த கயிற்றை ஒட்டி அந்தப் பின்வழியை நடந்து பார்ப்போம் என்றேன். பாதி தூரத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "வெயிலுங்க" என்றாள். அப்போது வெயிலே வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைப் பார்த்துவிட்டாள். அவள் கன்னடக்காரி, எங்களோடு பேசிப் பேசி இரண்டும் கலந்த ஒரு பாஷை அவளுக்கு. இறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்ரீ அண்ணா, அக்காவ எல்லிக்கு இழுத்துட்டுப் போறீங்க?" விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்! "நாங்கெல்லாம் முன்வாசல்ல ராணி மாதிரி போறது, நீ கக்கூஸ் பக்கமா வர்றதா? ச்சீ, நன்னாயிருக்கு! அப்படின்னா நானும் உள்ள வரமாட்டேன், போ."

"நீ சும்மா இரு. சாமி விசயம்" என்றாள் என் மனைவி.

"நம்ம மாரியம்மா கோயில் இடிச்சுக் கட்டினப்போ அம்மாவ எங்க வெச்சாங்க? கும்பத்துல எறக்கித்தானே வெச்சாங்க? அவ கோவிச்சுக்கிட்டாளா?"

என் மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "அது அவ கோயிலுக்கு. இது என்ற முழங்காலுக்கு."

மூன்று பேருமாக அந்த மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போனோம். அவர் படிக்கட்டிலிருந்து இறங்கிவந்து கீழேயே நின்று கேட்டுக்கொண்டார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, கல்லுக்குப் பொட்டு வெக்கறப்ப எங்கிட்ட வந்து கேட்டியா?"

"இல்லீங்க சாமி."

"யாரு அம்மாவ அங்க கூப்பிட்டு உக்கார வெச்சது?"

"நாந்தானுங்க."

"கூப்பிட்டவ நீ. வேற எடத்துக்கு வா தாயின்னு நீதான் கூப்பிடோணும். நான் மந்திரம் சொல்றேன், கும்பத்த நீ தூக்கு. வேற ஆரு தூக்குனாலும் செரிப்படாது."

வீட்டுக்குக் கிளம்பினோம். சந்து திரும்பும்போது அவள் தானாகவே, "எங்க கொண்டுபோய் எறக்கறது?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே அவள் சம்மதித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டோரத்துப் புங்க மரத்தடி என்று முடிவாயிற்று.

கல்லிலிருந்து மரம்வரை ஒன்றும் பெரிய தூரமில்லை, கை வீசி நடப்பவர்களுக்கு. பூசாரி மந்திரம் சொல்லி, தர்ப்பையால் கல்லையும் கும்பத்தையும் தொட்டு, தண்ணீர் நிறைந்த கும்பத்தை அவள் இடுப்பில் ஏற்றினார். நான் கை நீட்டினேன். "தொடாதீங்க" என்றாள். அவள் ஓர் அடி வைத்து நின்றாள். அவள் நின்றால் சந்தே நின்றது. மேளக்காரர்கூட அவள் கால் எடுத்துவைக்கிறபோதுதான் அடித்தார். பாய் தன் கடைக்கு வந்த டெம்போவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். பக்கத்து வீட்டுக்காரி முன்னால் நடந்து தரையில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனாள். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. 'தாயே, தண்ணி சிந்தினாலும் பரவாயில்லை, இவள் விழக்கூடாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன்.

தண்ணீர் சிந்தத்தான் செய்தது. புடவை முன்புறம் முழுக்க நனைந்துவிட்டது. மீதியை மரத்தடியில் ஊற்றிவிட்டு, வேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். என்ஜினியர் பெண் தயங்கித் தயங்கி வந்து, "ஆண்ட்டி, அந்தக் கல்ல என்ன பண்றது?" என்றாள்.

"அது இப்ப வெறுங்கல்லு கண்ணு. கீழ போட்டுக் கட்டிக்குங்க, உபயோகமாகட்டும்." முகம் கழுவினமாதிரி இருந்தாள்.

சாய்வுப் பாதையைத்தான் முதலில் கட்டினார்கள். மணலும் சிமெண்டும் தள்ளுவண்டியில் மேலே ஏற்ற அதுவே வசதியாக இருந்தது. மேலே சுவர்கூட எழும்பாத ஒரு சாயங்காலம், வேலையாட்கள் போன பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கைப்பிடி அப்போது இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, ஏறிவிட்டாள். கூரையும் சுவரும் இல்லாத வெறும் தளத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். "நம்ம ஊட்டு மொட்டமாடி தெரியுதுங்க. நான் புழிஞ்சு குடுத்த வத்தல அங்கிருந்து நீங்க எடுக்கவே இல்ல பாருங்க" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது மையம் நன்றாக நடக்கிறது. தினமும் சாயங்காலம் அவள் முன்வாசல் வழியாகத்தான் போகிறாள். பெண்களோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகால் அசைக்கும் பயிற்சி செய்கிறாள், பஜனைக்கு இருக்கிறாள். பாதிநேரம் வம்புதான் பேசுகிறார்கள் என்று பாய் சொல்கிறார்.

இந்தக் கதை அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. அம்மன் கனவில் வந்து நகரச் சொன்னாள் என்கிறார்கள். கும்பத்தில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்கிறார்கள். அன்றைக்கே அவளுக்கு முழங்கால் குணமாகிவிட்டது என்று கொள்ளேகாலிலிருந்து ஒரு குடும்பம் வேண்டிக்கொள்ளவே வந்தது. அவர்களுக்குக் காப்பி கொடுத்து, அவள் நொண்டி நொண்டி வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அம்மன் எங்களுக்குச் செய்தது போதும், அதன்மேல் நாம் ஏற்றிச் சொல்லவேண்டாம். படித்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். தண்ணீர் சிந்தியது. முழங்கால் இன்னும் வலிக்கிறது. அவள் ஏறிப் போகிறாள்.