லாயத் திடலில் அடித்த முளை

என் அக்காள் நீலாம்பாளின் வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம் போய் மூன்று மாதம் ஆகிறது. எங்கள் கால்பந்து அணியின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். செத்தவனைப் பற்றி நல்லதாக எழுத நம் ஊரில் ஆளா இல்லை? எனக்குத் தெரிந்ததை எழுதினால் மலரில் போட மாட்டார்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

சம்பந்தம் மாமாவுக்கு ஓட வராது. பத்து வயதில் தறிக்குழிக்குள் கால் விட்டவர். நாள் முழுக்கக் குழிக்குள் மடங்கிக் கிடக்கிற கால், சாயங்காலம் மட்டும் குதிரைக் காலாகிவிடுமா? ஆனால் அவர் கை வேறு ரகம். தறியில் ஒரு கை வீசிய ஊடைநூல் நாடாவை மறு கை பிடித்துப் பிடித்துப் பழகிய கை. அதைப் பார்த்துத்தான் பிள்ளையார்பாளையம் நெசவாளர் அணியில் அவரைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். அவருக்கு முன்னால் தடுப்பு நின்று பேக் ஆடியவன் நான், மயில்வாகனம்.

லாயத் திடலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நவாப் காலத்தில் குதிரை கட்டிய இடம் என்பார்கள். லாயம் இடிந்து, அதன் அடிவாரக் கல்வரிசை மட்டும் மேற்கே நாலு படியாக நிற்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்து உதைத்தபோது அந்தப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களின் பேரன்கள் நாங்கள். கோயிலும் பட்டும் வெளியூர்க்காரனுக்கு, லாயம் நமக்கு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. காமாட்சியம்மன் கோயிலில் செருப்பைத் தொலைத்தவன்கூடச் சிரித்துவிட்டுப் போவான். லாயத்தில் தோற்றுவிட்டால் மறுநாள் தறி ஓடாது.

அதே திடலில்தான் பங்குனியில், தறிக்கு ஏற்றுகிற நெடுக்கு இழையான பாவும் நீட்டுவோம். ஏகாம்பரநாதர் உற்சவத்தின்போது சாமி வருகிற வீதியில் பாவை நீட்ட முடியாது. அந்தப் பத்து நாளும் விடியற்காலையில் பாவைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் போய், இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து, பட்டு இழைகளை இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்போம். முதல் முளைக்கு மஞ்சள் தடவி, ஒரு சிவப்புப் பட்டு இழையைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடித்தவன் கைதான் அதைப் பிடுங்க வேண்டும். வேறு ஆள் தொட்டால் அந்தப் பாவு அறுந்துகொண்டே இருக்கும் என்பார்கள்.

1966 பங்குனியில் இறுதி ஆட்டம். எதிரணி ஓரிக்கை. பாலாற்று மணலில் ஓடிப் பழகிய விவசாய வீட்டுப் பிள்ளைகள். முந்தின வருஷம் திடலில் முளை கிடந்தது என்று அவர்கள் தகராறு செய்திருந்ததால், ஆட்டம் உள்ள நாளில் யாரும் பாவு நீட்டக் கூடாது என்று கமிட்டி கட்டுப்பாடு போட்டிருந்தது. மாமா தறியில் இருந்ததோ கல்யாணப் புடவை. முகூர்த்தம் தள்ளிப் போகுமா? யாரும் வருமுன் முடித்துவிடலாம் என்று இருவரும் விடிகாலையிலேயே போய்விட்டோம்.

வேலை முடிந்தது. ஒரு முளை வந்தது. வடக்குக் கோல் பக்கத்தில் இருந்த முதல் முளை வரவில்லை. வெயிலில் மண் இறுகிக் கிடந்தது. நான் கை வைக்கப் போனேன்.

"தொடாதப்பா. நான் அடிச்சது, நான் எடுக்கறேன். மத்தியானம் ஒரு கொடம் தண்ணி ஊத்தினா தன்னால வரும்" என்றார். யார் காலிலும் தட்டாமல் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு தட்டுத் தட்டி இறக்கினார். இரண்டு விரல்கிடை மண்ணுக்கு மேலே நின்றது.

மத்தியானம் எங்களைக் கோயிலுக்கு அழைத்துப்போய் மாலை போட்டார்கள். மேளம், வெடி, கூட்டம். முளை அவருக்கும் மறந்துபோனது, எனக்கும் மறந்துபோனது.

முதல் பாதியில் நாங்கள் தெற்குப் பக்கம். ஒரு கோல் போட்டோம். பக்கம் மாறி வடக்குக் கோலுக்கு வந்து நின்ற மாமா சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். கண்ணால் காட்டினார். கம்பத்திலிருந்து நாலடி முன்னால், புல்லுக்குள் அந்த இரும்புத் தலை.

"நடுவர்கிட்ட சொல்லிடறேன் மயிலு."

"சொன்னா ஆட்டம் போச்சு. கப்பு அவங்களுக்குத்தான். அப்புறம் லாயத்துல ஒருத்தனும் பாவு நீட்ட முடியாது. இன்னும் இருபது நிமிஷம் மாமா. சும்மா இருங்க."

இதைச் சொன்னவன் நான்தான். அவர் ஒரு தடவை குனிந்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. படியில் ஊரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, அதை மறைத்தபடி நின்றுகொண்டார். பந்து வந்தபோதெல்லாம் நகர்ந்தார், திரும்பி வந்து மறைத்தார்.

ஓரிக்கையின் முன்னாட்டக்காரன் ராஜகோபால். இருபது வயது. பந்து வலது மூலையிலிருந்து வந்தது, மாமா அதற்குப் பாய்ந்தார், மறைப்பு விலகியது. பந்தை உதைக்க வந்தவன் சறுக்கி முழங்காலால் விழுந்தான். அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவனைத் தூக்கினார்கள், கூட்டம் அவனோடு போனது. மாமா அந்த இடத்திலேயே உட்கார்ந்து முளையைப் பிடித்தார். கையோடு வந்துவிட்டது. பையன் முட்டி அதை அசைத்துவிட்டிருந்தது. சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

லாயத்துக் கல் குத்திவிட்டது என்றார்கள். நாங்கள் கப்பை வாங்கினோம். அவனுக்குப் புண்ணிலிருந்து ஜன்னி கண்டது. வாய் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து, ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

மாமா அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. முளையும் அடிக்கவில்லை. அவர் பாவுக்கெல்லாம் நான்தான் முளை அடித்தேன். கடைத்தெருவுக்குக்கூட லாயத்தைச் சுற்றிக்கொண்டு போவார். "இந்த மனுஷனுக்கு இன்னா கேடு, சோறு எறங்கலியே" என்று அக்காள் என்னிடம் அழுதாள். நான் என்னத்தைச் சொல்வேன்? சூடு என்றேன், பித்தம் என்றேன்.

ஊர் வேறு ஒரு காரியம் செய்தது. ராஜகோபாலைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. லாயத்து மண்ணுக்கு உயிர் கொடுத்தவன் என்று படியில் அவன் பெயரை வெட்டினார்கள், வருஷா வருஷம் அவன் பெயரில் கேடயம் கொடுத்தார்கள். வெளியூர் விருந்தாளி வந்தால் கோயிலுக்கு அடுத்தபடியாக அந்தப் படியைக் காட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எரிந்து என்ன பிரயோஜனம்? நானும் நின்று காட்டியிருக்கிறேன்.

1974இல் 66ஆம் வருஷத்து அணிக்குத் திடலில் பொன்னாடை போடுவதாக அழைப்பு வந்தது. கேடயத்தை ராஜகோபாலின் தாயார் செல்லியம்மாள் கொடுப்பார் என்று போட்டிருந்தது. மாமா அதைப் படித்துவிட்டு, "போலாம்" என்றார். எட்டு வருஷம் கழித்து லாயத்துக்குள் கால் வைத்தவர் படியையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேரே வடக்குக் கோல் பக்கம் போய், கம்பத்திலிருந்து நாலடி எண்ணி நின்றார்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. செல்லியம்மாள் கீழ்ப்படியில் வண்டிக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள். மாமா போய் மண்ணில் அவள் எதிரே உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார். அந்த முளை. அவர் அதை வைத்திருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

"கல்லு இல்லம்மா. இதுதான். நான் அடிச்சது."

அவள் அந்த இரும்புத் தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "கல்லு இல்லன்னு தெரியும்பா. புண்ணு கழுவசொல்ல உள்ள இருந்து செவப்பா ஒரு நூலு வந்துச்சு. பட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமா, எவனாச்சும் ஒருத்தன் வந்து சொல்லுவான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "எடுக்க மறந்துட்டியா?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேம்மா."

அவள் அவர் தோளில் கை வைத்தாள். "மறதி யாருக்குத்தான் இல்ல. வந்து சொன்னியே, அது போதும். எந்திரிப்பா."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "வாங்க மாமா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இருக்குதும்மா. ரெண்டாவது பாதியில பாத்துட்டேன். பாத்துட்டு நின்னேன்."

தோளில் இருந்த கை எடுபட்டது.

"எவ்ளோ நேரம்?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"எம்புள்ள ஓடியாரசொல்ல அது அங்க இருக்கறது உனுக்குத் தெரியும்?"

"தெரியும்மா."

அவள் அழவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முளையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எழுந்து நின்றவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவுரு அன்னிக்கி உன் முன்னால நின்னு ஆடுனவருதான? இவுருக்கும் தெரியுமா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் யாருகிட்டயும் சொல்லல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை என் தோளில்தான் இருந்தது. தெரியாது என்று நான் தலையாட்டினேன்.