மணி அடிக்காத டெலிபோன்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் ஒரு மர டிப்போவில் எழுத்து வேலை பார்த்தேன். டெலிபோன் எடுப்பதும் என் பொறுப்பு. ரம்பம் ஓடும் இரைச்சலில் கேட்காது என்று அதன் மணியைத் தனியாக வெளிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

ஐப்பசிப் புயலில் கம்பி அறுந்தது. ரம்பம் ஓட்டுபவரின் தம்பி அப்போது விசைப்படகில் கடலில் இருந்தான். படகு காசிமேட்டுக்குத் திரும்பவில்லை. மழை விட்டதும் லைன்மேன் வந்து கம்பியை இணைத்தார், எக்ஸ்சேஞ்சுக்குப் பேசிப் பார்த்தார், லைன் சரி என்று போய்விட்டார். தம்பிக்குத் தெரிந்த ஒரே நம்பர் எங்களுடையது. அண்ணன் மணிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை.

பிற்பகலில் லாரி ஆபீசுக்குப் பேச ரிசீவரை எடுத்தேன். வழக்கமான ரீங்காரம் இல்லை. காற்று வீசும் ஓசை. அதற்குள் யாரோ மூச்சு விட்டார்கள். நான் இன்னும் ஒரு எண்ணைக்கூடச் சுழற்றவில்லை.

"யாராச்சும் கீறீங்களா?"

சட்டென்று வைத்துவிட்டேன். வெளியே போய்ச் சொன்னபோது, கம்பி அறுந்த நேரத்தில் ஏதோ உள்ளே பூந்துவிட்டது என்று மரம் அடுக்குகிற ஒருவர் கிண்டல் செய்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அவரே நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் என்னோடு உள்ளே வந்தார். ஆனால் ரிசீவரைத் தொடவில்லை.

"நீயே எடு யக்கா."

எடுத்தேன். அதே மூச்சு. அவர் காதருகே பிடித்தேன். 

"டேய், எங்கேந்து பேசுற?"

பதில் எனக்கும் கேட்டது. "எண்ணூர் உப்பளத்து ஆபீசுலேந்துண்ணா. படகு இங்க ஒதுங்கிச்சு. ரோடெல்லாம் தண்ணி. நேத்துலேந்து கூப்ட்டுகினே கீறேன். மணி அடிக்குது, ஒருத்தரும் எடுக்கல. இப்ப யாரோ எடுத்து வெச்சிட்டாங்க, நான் வெக்காம புடிச்சிகினு கீறேன்."

ஜன்னல் வழியாக வெளிச் சுவரைப் பார்த்தேன். இரண்டு நாளாக அந்த மணி கிணிங்கென்றுகூட ஒலிக்கவில்லை.

"நம்ப வூட்டு நாய்க்கு எத்தினி காலு?" என்றார் அண்ணன்.

"மூணு. குடிச்சிகினு கீறியாண்ணா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுபடி வந்த லைன்மேன், டெலிபோனை மட்டும் இணைத்து, மணிக்குப் போகும் ஒயரை அப்படியே விட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். இங்கிருந்து பேசிப் பார்த்தாரே தவிர, வெளியிலிருந்து யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. ஒயரை முடுக்கிவிட்டு, டோல்கேட்டில் இருக்கும் டெலிபோனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

அவர் வருவதற்குள்ளேயே தண்ணீர் வடிந்து தம்பி வந்து சேர்ந்திருந்தான். வாசலில் நின்று பன் தின்றுகொண்டிருந்தான். அப்போது மணி அடித்தது.

அண்ணன் திரும்பித் தம்பியின் தோளைப் பிடித்தார்.

"நீ இங்க கீற. அப்ப அது யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. லைன்மேன்தான் என்று தெரிந்தும், ரிசீவரை எடுக்க எனக்குக் கை நீளவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.