‘பேந்து’ என்று ஒரு சொல் எழுதினேன்

இயக்குநர் சபையின் முன்னால் நின்று விடாப்பிடியாக வாதாடியவள் நான். ஆனால் சகோதர சகோதரிகளே, இந்தச் சம்பவத்தைச் சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கர்க்லாண்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டில் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எங்கள் கணினிகள் எல்லாவற்றையும் யாரோ திருடர்கள் இணையத்தின் வழியாக உள்ளே புகுந்து பூட்டிவிட்டார்கள். எந்தத் திரையைத் திறந்தாலும் ஒரே மிரட்டல் கடிதம்.

நான் வேலை செய்யும் நிறுவனம் நோயாளிகளின் வீடுகளுக்கு ஒட்சிசன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதன் கணினிப் பிரிவுக்கு நான்தான் தலைவி. யாருக்கு, எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குள் சிலிண்டர் போகவேண்டும் என்ற பட்டியல் முழுவதும் அந்தக் கணினிகளுக்குள்தான் இருந்தது. முன்பு அதைத் தாளிலும் அச்சடித்து வைப்பார்கள். “இனித் தாள் தேவையில்லை” என்று அந்த வழக்கத்தை நிறுத்தியதும் நானேதான். அன்றைக்குக் கைதட்டலும் வாங்கினேன்.

சேலையோடும் பனிச் சப்பாத்தோடும் அலுவலகத்துக்கு ஓடினேன். வண்டிகள் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு நிற்கின்றன, போக இடம் தெரியவில்லை. எங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டவர்களுக்கு அனுப்பினோம். ஆனால் போன் எடுக்க முடியாதவர்? தனியாக இருப்பவர்?

ஒரே ஒரு வழி இருந்தது. வெள்ளிதோறும் எல்லாவற்றையும் ஒரு நகல் பெட்டியில் பதிந்து வைப்போம். பதிந்து முடிந்ததும் கேபிளைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டும் என்பது விதி. கழற்றினால்தான் திருடன் அதைத் தொடமுடியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, திங்களன்று ஒரு சோதனை செய்யலாம் என்று நினைத்து, அதுவரை அது கேபிளோடேயே இருக்கட்டும் என்று விட்டவள் நான்.

அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு கார்த்திக். சென்னைப் பிள்ளை, சேர்ந்து இரண்டு கிழமைதான். வெள்ளி மாலை “பதிஞ்சு முடிஞ்சது மேடம், கேபிளை என்ன பண்ணட்டும்?” என்று தமிழில் செய்தி அனுப்பியிருந்தார். நான் மரக்கறிக் கடையில் ஒரு கையில் கோவாவோடு வரிசையில் நின்றேன். “பேந்து” என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது ‘பிறகு’ என்று அர்த்தம். கேபிளைப் பிறகு கழற்றலாம் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பெட்டியைக் கணினி வழியாகத் தேடிப் பார்த்த என் ஆட்கள், அது திரையிலேயே தெரியவில்லை என்றார்கள். கேபிளோடு இருந்த அதுவும் அழிந்துவிட்டது என்று முடிவு செய்தேன்; அலுமாரியைத் திறந்து பார்க்கத் தோன்றவேயில்லை. கார்த்திக் குடும்பத்தோடு கியூபெக் நகரத்துக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

எங்கள் திருச்சபையிலுள்ள றெஜினா அக்காவுக்குப் போன் எடுத்து அழுதேன். “நான் ஜெபிக்கிறன் பிள்ளை. நீரும் முழங்காலிலை நில்லும். ஒஃபீஸிலை உத்தரவு போடுற மாதிரிக் கேளாதையும், இரந்து கேளும்” என்றார். என்னை நன்றாக அறிந்த மனுஷி.

துடைப்பங்கள் வைக்கும் சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முடிஞ்சுது. பிழை என்ரை. அந்தச் சனம் என்ன செய்தது? பட்டியலைத் தாரும்.” அவ்வளவுதான் வாயில் வந்தது.

எழுந்து வெளியே வந்தேன். மத்தியானம் கார்த்திக் மூச்சிரைக்க உள்ளே வந்தார்; ஊர் திரும்பும் வழியில் எங்கள் அழைப்புகளைக் கண்டு நேரே வந்திருக்கிறார்.

“மேடம், பெட்டி பத்திரமா அலுமாரியில இருக்கு. வெள்ளிக்கிழமையே கழட்டி வெச்சுட்டேன்.”

என் குணம் தெரியுமே. சந்தோசப்படுவதற்கு முன் கோபம்தான் வந்தது. “ஆர் உம்மைக் கழட்டச் சொன்னது?”

“நீங்கதானே மேடம்! ‘பேந்து’ன்னு போட்டீங்க. ‘பேத்துடு’ன்னு சொல்ல வந்து எழுத்து மாறிடுச்சுன்னு நெனச்சேன். அதான் கேபிளைப் பேத்து எடுத்துட்டேன்.”

பக்கத்திலிருந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நான் ஜெபித்தது ஞாயிறு. பதில் வந்தது வெள்ளி. நான் கேட்கவேண்டும் என்று அறியுமுன்னே ஆண்டவர் கொடுத்து, பூட்டி வைத்திருந்தார். என் படிப்பால் அல்ல, என் பதவியால் அல்ல. நான் விட்ட பிழையை, இன்னொருவர் விளங்கிக்கொண்ட பிழையால் திருத்தினார்.

திருடர் தொடாத ஒரு புது மடிக்கணினியில் பெட்டியை இணைத்துப் பட்டியலைத் திறந்தோம். பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஒரு வயதானவர், தனி ஆள், காது கேளாதவர். நாலு மணிக்கு முன் சிலிண்டர் போகவேண்டும். அவர் எங்களை அழைத்திருக்கவே மாட்டார். வண்டி பனிக்குள்ளால் போய்ச் சேரும்போது மூன்றரை. சாரதி பிறகு எனக்குச் சொன்னார், கிழவர் கதவைத் திறந்து “பொன்ஜூர், இன்றைக்கு நேரத்தோடு வந்துவிட்டீர்களே” என்று சிரித்தாராம். அவருக்கு ஒன்றுமே தெரியாது. அதைக் கேட்டு நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அன்று எவருக்கும் சிலிண்டர் தவறவில்லை.

கார்த்திக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். மேலிடத்துக்கு என் பிழையையும் ஒளிக்காமல் எழுதினேன். இப்போது ஒவ்வொரு மாலையும் பட்டியலைத் தாளில் அச்சடிக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் கார்த்திக், “மேடம், பேந்தா, பேத்தா?” என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் காலையில் கணினியைத் திறக்குமுன் கண்ணை மூடி இரந்துதான் தொடங்குகிறேன்.

உங்களில் யாருக்கோ இன்று எல்லா வழியும் அடைபட்டிருக்கலாம். உங்களுக்கான உதவியும் ஏற்கெனவே ஏதோ ஓர் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கலாம். அவரிடம் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள், பேந்து என்று மட்டும் விடாதீர்கள்.