ரேந்தைக்காரியின் சமையற்காரன்

கல்யாணமான மறுவாரமே என் பெண்டாட்டியின் ரேந்தைத் தலையணையைப் பரண்மேல் ஏற்றியவன் நான்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே மிஷன் பங்களாவுக்குக் கூலிக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னியவள் அவள். அந்தத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டால், மேசைவிரிப்புக்குப் பூ விளிம்பு வந்துவிடும். "கொட்டாரத்துக் கடையில கொப்பரைத் தராசு பிடிக்கவன் பெண்டாட்டி கூலிக்குப் பின்னவா?" என்றேன். மீசை அப்போது புதிது. அதற்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டாமா?

பிறகு கொப்பரை விலை விழுந்தது. முதலாளி தராசைக் கவிழ்த்து வைத்தார்; கூடவே என்னையும். பத்து நாள் மரச்சீனிக் கிழங்கே தின்ற பிறகு, நானே பரணில் ஏறித் தலையணையை இறக்கினேன். தூசியில் தும்மினேன். அதை அழுகை என்றுதான் அவள் இன்றுவரை சொல்லிவருகிறாள்.

ரேந்தை வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். கரி, மஞ்சள், மீன்வாடை எது பட்டாலும் பங்களாவில் திருப்பிவிடுவார்கள். பின்னுகிற கை அடுப்பைத் தொடக்கூடாது. வீட்டில் மிச்சமிருந்தது என் கை. கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன். ரேந்தையைப் பற்றிக் கேட்டவர்களிடம், "சும்மா, அவளுக்கொரு பொழுதுபோக்கு" என்றேன்.

ஒரு சனிக்கிழமை. இரண்டு மாதம் பின்னிய மேசைவிரிப்பு திங்களன்று பங்களாவுக்குப் போக வேண்டும். அதை எடுத்துக்கொண்டால்தான் அடுத்த நூல். நூல் வந்தால்தான் அரிசி. அவள் குளிக்கப் போயிருந்தாள். புறவாசலில், விரிப்பு காய்ந்த கொடியின் கீழே, நான் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, உள்ள இருக்கியா?"

முதலாளி! குரல் புறவாசலுக்கே வந்துவிட்டது. மீன்சட்டியை மறைக்க, கைக்கெட்டிய துணியை இழுத்து மூடினேன். எந்தத் துணி என்று வேறு சொல்ல வேண்டுமா?

"கடையத் திறக்கப் போறேன். வாறியாலே?" என்றார் முதலாளி, மூக்கைச் சுளித்தபடி.

ஈரத்தலையோடு வந்தவள் சட்டியைப் பார்த்தாள். "அய்யோ! என்ன காரியம் செஞ்சிய?" விரிப்பை உருவினாள். சாளைகள் எங்கள் மூவரையும் பார்த்தன.

"மீன் வெட்டுனது நீயாலே?" என்றார் முதலாளி.

"சும்மா, ஒரு பொழுதுபோக்கு முதலாளி."

ஞாயிறு முழுக்க சவுக்காரம், எலுமிச்சைச் சாறு, வெயில். என் வேலை காக்காய் விரட்டுவது. காக்காய் வருகிறவரை வாடை போகவில்லை என்று அர்த்தம். சாயங்காலம் ஒரு காக்காய்கூட எங்கள் கொடியை மதிக்கவில்லை. அவமதிப்பில் அப்படியொரு ஆனந்தத்தை நான் அறிந்ததில்லை.

திங்களன்று பங்களாவில் விரிப்பை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூலோடு திரும்பியவளிடம், பழைய மீசை மறுபடி துடிக்க, "எனக்குத்தான் வேலை கெடச்சாச்சே, தலையணையப் பரணில வச்சிரட்டா?" என்றேன்.

"கொப்பரைய நம்பி இன்னொருக்கா கெழங்கு தின்ன எனக்கு ஏலாது. கடைக்குப் போகும் முன்ன மீன வெட்டி வச்சிட்டுப் போங்கோ."

வெட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். முதலாளி என் கையை மோந்து பார்த்து, இருமுறை கழுவச் சொல்லி, பிறகே தராசைத் தந்தார்.