அவிய சொல்றதுதானுங்க

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அதற்கு 'ஊடு ஊடாப் போய்க் கேள்வி கேக்கற படிப்பு' என்று பெயர். இந்த வருஷத்தோடு முடிக்காவிட்டால் மாப்பிள்ளை பார்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அத்தைக்கு அந்தப் படிப்பென்றால் உயிர்.

வீட்டில் முடிவெடுப்பது யார் என்பதுதான் ஆராய்ச்சி. காந்திபுரத்தில் ஜெராக்ஸ் எடுத்த படிவங்களை வீடுகளில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வருவார். எழுதக் கூச்சப்பட்ட பெண்களுக்கு அவர்கள் பிள்ளைகளே எழுதிக் கொடுத்தார்கள். எல்லாப் படிவத்திலும் ஒரே பதில்: 'அவிய சொல்றதுதானுங்க.' புருஷன் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன சொல்வார்கள்? என் அம்மாவும் அதையேதான் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் படித்த நாலாம் வகுப்பில் பொய் சொன்னால் முட்டி போட வைப்பார்கள். மிச்சம் கிடந்த ஒரு படிவத்தில் நானே எழுதினேன்: 'அம்மா செவலை மாட்டை வித்துடலாம்ங்கும். அப்பா முடியாதும்பார். நாலு நாள் கழிச்சு, மாட்டை வித்துப்போடலாம், நான் முடிவு பண்ணீட்டேன்ம்பார். அம்மா சரிங்கன்னு சொல்லும்.' எழுதி, அத்தையின் படிவக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டேன்.

மறுநாள் அத்தை கட்டோடு பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கண்டுபிடித்தால் ஆராய்ச்சியே போச்சு, அத்தைக்குக் கல்யாணம்தான், எல்லாம் என்னால்தான். அன்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடே வரவில்லை.

சாயங்காலம் அத்தை சிரித்துக்கொண்டே வந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாவிடம் சொன்னார்.

"எல்லாம் ஒரே பதிலா இருக்குது, நீயே உக்காந்து எழுதுனயான்னு எங்க கைடு மேடம் கேட்டுப்போட்டாங்கண்ணா. எனக்கு உசுரே போயிருச்சு. அடியில ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சப்புறந்தான் நம்புனாங்க. பொம்பளைங்களத் தனியாப் பார்த்துப் பேசச் சொல்றாங்க. இன்னொரு வருசம் ஆகுமுங்க."

திருட்டுத்தனமாக எழுதிச் செருகிய ஒரே படிவம் என்னுடையது. அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நிஜம் என்று நம்பியிருக்கிறார்கள். அத்தை அதை எடுத்து, மாடு உட்பட, உரக்கப் படித்தார். நான் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அப்பா புரையேறும்வரை சிரித்தார். "எந்த ஊட்டுக்காரனோ, பாவம். யாரும்மா அது?"

"பேர் கேக்கக்கூடாதுங்கண்ணா. எங்க படிப்புல அதுதான் மொத விதி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த விதியைப் போட்டவர் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இன்னொரு வருஷம் என்பதற்கு மட்டும், "அதெல்லாம் முடியாது" என்று அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். அம்மா தட்டுகளை எடுத்து அடுக்கினார்.

நாலு நாள் கழித்து, காலையில் தோசை சாப்பிடும்போது அப்பா தொண்டையைச் செருமினார். "அவ படிச்சு முடிக்கட்டும். நான் முடிவு பண்ணீட்டேன்."

அத்தை அழுதேவிட்டார்.

"சரிங்க" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டு அதன்மேல் நெய்யும் ஊற்றினார். நான் கேட்கவே இல்லை. எதற்கு இந்தத் தோசை என்று புரியாமலே அன்று தின்று முடித்தேன்.