ஒரே ரத்தம், இரண்டு எண்கள்

என் இடது விலாவுக்குக் கீழே ஏதோ இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. குற்றாலத்தில் சாரலுக்குச் சாரல் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மாடசாமி. அன்று ஐந்து நிமிடம்கூடத் தேய்க்கவில்லை, கையை எடுத்துவிட்டார்.

“இடப்பக்கம் என்னமோ கல்லு கணக்கா இருக்கு, சார்வாள். இதுல நான் கை வைக்க மாட்டேன்.”

“பாதியில எழுப்பிவிடப் பாக்குதீரோ?”

“துட்டே வேண்டாம், எந்திரிங்க. அருவியில இந்தப் பக்கத்தைக் காட்டிராதீங்க.”

துட்டு வேண்டாம் என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். காலையில் ஆறு இட்லி மூன்றானதைக் கவனித்திருந்தேன். வயது என்று நினைத்தேன். தென்காசி டாக்டர் மலேரியாவால் மண்ணீரல் (ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) வீங்கியிருக்கிறது என்று கொயினா மாத்திரை கொடுத்தார். பதினெட்டு நாளாகியும் வீக்கம் குறையவில்லை. மகனும் நானும் திருநெல்வேலிக்குப் போனோம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தன. நாட்பட்ட ரத்தப் புற்று (எலும்பு மஜ்ஜை வெள்ளணுக்களை அளவின்றிப் பெருக்கும் நோய்).

“அடக்கி வைக்கலாம்” என்றார் டாக்டர். எத்தனை வருஷம் என்று கேட்டேன். அவர் என் மகனைப் பார்த்தார். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

புசல்பான் (வெள்ளணு உற்பத்தியைக் குறைக்கும் மருந்து) தினம் இரண்டு மாத்திரை. இரண்டு மாதம் கழித்து நாற்பத்திரண்டாயிரம் என்றார்கள். மகனுக்குத் தேவைக்கு மேல் சந்தோஷம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எண்ணைக் குறைத்துச் சொல்லச் சொல்லியிருப்பானோ? அன்றே அவனுக்குத் தெரியாமல் இன்னொரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். ஐம்பத்தோராயிரம்.

ஒன்பதாயிரம் வித்தியாசம். எண்ணே பொய்யென்றால் மாத்திரை எப்படி மெய்யாகும்? நாற்பது நாள் விழுங்காமல் எண்பது மாத்திரைகளை ஜாமெட்ரி பெட்டியில் ஒளித்து வைத்தேன். இரண்டாவது இட்லியும் இறங்காமல் போனபோது என் மனைவி கோமதி பெட்டியைத் திறந்துவிட்டாள். இரண்டு பரிசோதனைக்கூடமும் சொன்ன எண்களை அவளிடம் சொன்னேன்.

“ரெண்டு பேரும் பொய் சொல்லுதாவன்னே வைங்க. வயிறுமா பொய் சொல்லுது?”



முதல் பரிசோதனைக்கூடத்துக்கே திரும்பப் போனேன். ரத்தம் எண்ணுகிற பீர் முகமதுவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவரிடமே கேட்டுவிட்டேன், யார் சொல்லிக் குறைத்தீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. புதிதாக எடுத்த என் ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்துக் கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, நுண்ணோக்கி முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“சார்வாளே எண்ணிருங்க. மேல்கோடும் இடக்கோடும் தொட்டதைச் சேத்துக்கிடணும். மத்த ரெண்டு கோட்டையும் தொட்டதை விட்டுரணும்.”

நான்கு கட்டங்களில் முந்நூற்று நாற்பத்தெட்டு வெள்ளணுக்கள். அதே குழாயிலிருந்து இன்னொரு துளி வைக்கச் சொல்லி எண்ணினேன். முந்நூற்று எழுபத்தொன்று.

“இதுல எது சரி?”

“ரெண்டுந்தான். இப்போ உங்களுக்கு யாரு துட்டு கொடுத்தா, பொய் சொல்லச் சொல்லி?”

அவர் சொன்ன கணக்குப்படி இருநூற்றைம்பதால் பெருக்கினேன். எண்பத்தேழாயிரம், தொண்ணூற்றிரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. என் கண்ணுக்கே கிட்டத்தட்ட ஆறாயிரம் வித்தியாசம். ஆனால் நாற்பது நாளில் ஏறக்குறைய இரு மடங்கானது எண்ணியதில் வந்த பிழை அல்ல, நான் செய்த பிழை. இதை வாசிக்கும் நோயாளிகளுக்குச் சொல்கிறேன்: ஒரே பரிசோதனைக்கூடத்தில் பாருங்கள். ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அன்று மாலையே மாத்திரையை மறுபடி தொடங்கினேன். ஒரு வருஷம் ஆகிறது. போன முறை பார்த்ததில் பதினோராயிரம். அன்று ஊர் திரும்பும் ரயிலில் மகனை நேரே கேட்டேன்.

“அன்னைக்கு டாக்டர் ஒங்கிட்ட என்னலே சொன்னாரு?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். “மூணு வருஷம்னாரு. நாலும் ஆகலாம்னாருப்பா.”

எது சரி என்று நான் கேட்கவில்லை. வண்டி குலுங்கியபோது என் கை தானாக இடது விலாவின் மேல் போயிருந்தது, மடியில் தூங்கும் குழந்தையைப் பிடித்துக்கொள்வது போல.

இப்போது என் கணக்கில் வருஷமும் மாதமும் கிடையாது. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்ததற்கு ஆறு வாரம், நாற்பத்திரண்டு நாள். இன்று ஒன்பதாவது நாள்.